உறுமல் ஓய்ந்தால் வேகம் ஓயுமா?

2023 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கனடா நாட்டின் பிராம்ப்டன் நகரிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து கடைசி 'டாட்ஜ் சேலஞ்சர்' கார் வெளியே வந்தது. அதே குளிர்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில் 'ஷெவர்லே கமாரோ' காரின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க இளைஞர்களின் உள்ளங்களை ஆண்ட இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து விடைபெற்றன.

'கார்தானே! ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. இதற்கு ஒரு கட்டுரையா?' என்று வாசகர்களாகிய நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரு சமுதாயம் எதன்மீது ஆசை வைக்கிறது, அந்த ஆசைக்கு எத்தகைய விலை கொடுக்கிறது, காலம் மாறும்போது எதை விட்டுக்கொடுக்கிறது என்பவற்றை அறிந்துகொள்ள இந்த வண்டிகளின் வரலாறு நல்லதொரு பாடமாகும். ஆதலால் சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து படியுங்கள்.

மஸில் கார் என்பது யாது?

'மஸில்' என்றால் தசை. பயில்வானின் புஜத்தைப் போன்று வலுவுள்ள வண்டி என்ற பொருளில் 'மஸில் கார்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த, சாதாரணக் குடும்பத்தார் வாங்கக்கூடிய ஒரு காரின் உடம்பில், பெரிய வண்டிக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திவிட்டால் அதுவே மஸில் கார். சிலிண்டர்கள் நான்கு நான்காக, 'வி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்து நிற்பதால் அந்த எஞ்சினுக்கு 'வி-8' என்று பெயர்.

இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அதிவேகக் கார்கள் இல்லாமல் இல்லை. அவை செல்வந்தர்களின் மாளிகை வாசலில் நின்றவை. தொழிற்சாலையில் கூலி வாங்கும் இருபது வயது இளைஞனும் தவணை கட்டி வாங்கக்கூடிய வேகத்தை விற்றதே அமெரிக்காவின் தனித்தன்மை. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் பயன்படும்.

தடையிலிருந்து பிறந்த வண்டி

1963 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேலிடம், தன் பிரிவுகள் எவையும் கார்ப் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று ஆணையிட்டது. அந்நிறுவனத்தின் 'பான்டியாக்' பிரிவுக்கோ பந்தயத்தால்தான் இளைஞரிடையே பெயர். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு வழி கண்டுபிடித்தனர். பந்தய மைதானத்தில் காட்ட முடியாத வலுவைப் பொதுச் சாலையில் காட்டுவது என்பதே அந்த வழி.

அதற்கும் ஒரு தடை இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்பது நிறுவன விதி. இவர்கள் பொருத்த விரும்பியதோ 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் எஞ்சின். புதிய கார் என்று அறிவித்தால்தானே விதி குறுக்கிடும்? விரும்புவோர் கூடுதல் பணம் செலுத்திப் பெறும் ஒரு 'கூடுதல் வசதி' என்று விலைப்பட்டியலில் எழுதிவிட்டார்கள்! இவ்வாறு 1964 ஆம் ஆண்டு மாடலாகப் பிறந்ததுதான் 'பான்டியாக் ஜி.டி.ஓ.'. ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணப்பட்ட அந்த வண்டி, முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது.

அதே 1964 ஏப்ரல் 17 அன்று, நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் 'மஸ்டாங்' காரை அறிமுகம் செய்தது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் முன்பதிவு செய்தனர். இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சம் வண்டிகள் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை அப்போதுதான் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டியிருந்தது. பசித்தவன் முன்னால் பந்தி விரித்ததைப் போலாயிற்று.

உட்வர்டு சாலையும் ஒரு பள்ளிவாசலும்

இந்த மோகத்தின் தலைநகரம் டெட்ராய்ட். அந்நகரத்தின் உட்வர்டு சாலையில் 1960களில் இரவு நேரங்களில் இளைஞர்கள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை போட்டி போட்டுப் பறந்தனர். அந்த நினைவைப் போற்றி 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அச்சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடந்து வருகிறது.

அதே உட்வர்டு சாலையோரம்தான், ஹைலண்ட் பார்க் என்னும் பகுதியில், ஹென்றி ஃபோர்டு 1910 இல் தம் பெரிய தொழிற்சாலையை அமைத்தார். அங்கே வேலை தேடிக் கப்பலேறி வந்தவர்களில் சிரியா, லெபனான் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்காக 1921 இல் ஹைலண்ட் பார்க்கில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அமெரிக்க மண்ணில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதற்கட்டடங்களுள் அது ஒன்று. நீண்ட காலம் அது நிலைக்கவில்லை. ஃபோர்டு தம் பணிகளை அருகிலுள்ள டியர்பார்ன் நகருக்கு மாற்றியபோது அந்தக் குடும்பங்களும் அங்கே குடிபெயர்ந்தன. இன்று டியர்பார்ன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அரபு வம்சாவழியினர். அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளிவாசல்களுள் ஒன்று அங்கே 'ஃபோர்டு சாலை' என்ற பெயருள்ள தெருவிலேயே அமைந்துள்ளது. ஆகவே, எஞ்சின் வார்க்கும் தொழிலின் ஏற்றத்தாழ்வு நம் சகோதரர்களின் அடுப்பங்கரை வரை எட்டும் செய்தி என்பதை மறந்துவிடலாகாது.

முதல் வீழ்ச்சி

மஸில் கார்களுக்கு மரணம் என்பது புதிதன்று. மின்சாரம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவை ஒருமுறை மடிந்திருக்கின்றன.

1970 ஆம் ஆண்டில் 'ஷெவர்லே ஷெவல்' காரின் வலுமிக்க வகையொன்று 450 குதிரைத்திறன் உடையதாக விற்கப்பட்டது. அதுவே உச்சம். அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றி, கார்ப் புகையின் நச்சைப் பெருமளவு குறைக்குமாறு கட்டளையிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் படிப்படியாக விலக்கப்பட்டதால் எஞ்சின்களின் அழுத்தம் குறைக்கப்பட்டது. வாலிபர்கள் வலுமிக்க வண்டி வாங்கினால் காப்பீட்டு நிறுவனங்கள் தவணையை மளமளவென்று உயர்த்தின. காரணமில்லாமல் அல்ல, 1972 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 54,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இறுதி அடி 1973 அக்டோபரில் விழுந்தது. போரில் இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அளித்ததைக் கண்டித்து, அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பெட்ரோல் நிலையங்களின் முன்னே கார்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றன. 1974 இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சட்டமாயிற்று. அவ்வாண்டு வெளிவந்த மஸ்டாங் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சினே இல்லை! புகழ்பெற்ற 'கார்வெட்' கூட 1975 இல் 165 குதிரைத்திறனுக்கு இறங்கிவிட்டது. ஜி.டி.ஓ. என்னும் பெயர் 1974 உடன் மறைந்தது.

மடிந்தவை மீண்டும் எழுந்தது எவ்வாறு? எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதைக் கணக்கிடும் மின்னணுக் கருவிகள் 1980களில் பரவின. குறைந்த புகை, கூடுதல் வலு என்ற இரண்டையும் ஒருங்கே பெற முடிந்தது. 1987 இல் 'பியூக்' நிறுவனம் 'ஜி.என்.எக்ஸ்.' என்ற வண்டியை 547 மட்டுமே தயாரித்தது. அதில் இருந்தது எட்டு சிலிண்டர் அன்று. டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர்தான். இன்று அதனை மஸில் கார் அன்று என்று எவரும் சொல்வதில்லை. 'வி-8 இல்லையேல் மஸில் கார் இல்லை' என்று இன்று முழங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தின் வேகம் புதிதா?

மின்சாரக் கார் என்றதும் மெல்ல நகரும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை உலகிலேயே முதன்முதலில் கடந்த கார் மின்சாரக் காரே! 1899 இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்சி என்பவர் பாரிஸ் அருகே அதனை ஓட்டிக் காட்டினார். ஹென்றி ஃபோர்டின் துணைவியார் கிளாராவே 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். கைப்பிடியைச் சுழற்றாமல் பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும் 'ஸ்டார்ட்டர்' கருவி 1912 இல் வந்ததும் மின்சாரக் கார்களின் காலம் தேயத் தொடங்கியது. அந்த ஸ்டார்ட்டரும் ஒரு மின்சார மோட்டார்தான் என்பது விந்தையிலும் விந்தை!

பெட்ரோல் எஞ்சினுக்கும் மின்மோட்டாருக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்ற பிறகுதான் தன் முழு இழுவையைத் தரும். அதற்காகவே கிளட்ச், கியர் என்று இத்தனை ஏற்பாடுகள். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் சக்கரத்துக்கு அளித்துவிடும். நின்ற இடத்திலிருந்து பாய்வதுதானே மஸில் காரின் பெருமை? அந்தக் கலையில் மின்மோட்டார் பிறவிப் புலமை பெற்றிருக்கிறது.

'டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட்' என்ற நான்கு கதவுக் குடும்பக் காரின் திறன் 1,020 குதிரை. ஃபோர்டு நிறுவனம் 2020 இல் செய்து காட்டிய 'மஸ்டாங் கோப்ரா ஜெட் 1400' என்னும் மின்சாரப் பந்தய வண்டி, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, 8.27 விநாடிகளில் கடந்தது. பெட்ரோல் தரப்பும் சளைத்துவிடவில்லை. 2023 இல் வெளிவந்த 'சேலஞ்சர் டீமன் 170' என்னும் சாலை வண்டி, எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறனைக் காட்டி, அதே தூரத்தை 8.91 விநாடிகளில் கடந்தது. அணையும் விளக்கு சுடர்விட்டு எரிந்ததைப் போன்று அது அமைந்தது.

ஓசைக்கு ஓர் இயந்திரம்

வேகம் இருக்கிறது, பிறகென்ன குறை? குறை ஓசையில் இருக்கிறது. மஸில் காரின் உறுமலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மின்சாரக் காரின் அமைதி, உப்பில்லாப் பண்டமாகத் தோன்றுகிறது.

2024 இல் டாட்ஜ் நிறுவனம் 'சார்ஜர் டேட்டோனா' என்ற மின்சார மஸில் காரை வெளியிட்டது. வலுமிக்க வகையின் திறன் 670 குதிரை. உறுமல் இல்லை என்ற குறையைப் போக்க, ஒலிபெருக்கிகளையும் ஒலியறைகளையும் கொண்டு பழைய எஞ்சினைப் போன்ற முழக்கத்தை எழுப்பும் கருவி ஒன்றை அதில் பொருத்தினார்கள். அதன் ஓசை 126 டெசிபல் என்று நிறுவனம் முன்னதாகப் பெருமையுடன் அறிவித்திருந்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மின்சாரக் கார்கள் மெல்லச் செல்லும்போது, கண்பார்வையற்றோரும் பாதசாரிகளும் உணர்ந்து விலகும் வண்ணம் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். முழக்கத்துக்கென்றே கருவி பூண்ட இந்தக் காரில், வேண்டிய அந்த ஒலி எழவில்லை என்று 2025 இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பெருமைக்காக எழுப்பும் ஓசை ஒன்று, பிறர் உயிரைக் காக்க எழுப்பும் ஓசை மற்றொன்று. இரண்டில் எது முதலில் கவனிக்கப்பட வேண்டியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சிக்கல்: எடையும் விலையும்

ஓசையைப் பற்றிய வாதத்தில் அதைவிட முக்கியமான இரண்டு செய்திகள் மறைந்துபோகின்றன.

முதலாவது எடை. 1964 ஆம் ஆண்டின் எளிய மஸ்டாங் ஏறத்தாழ 1,100 கிலோகிராம் எடையுள்ளது. மின்சார சார்ஜர் டேட்டோனாவோ 2,600 கிலோவுக்கும் மேல்! பேட்டரியின் பாரமே இதற்குப் பெரும் காரணம். இத்தனை பாரமுள்ள இரும்பு, மூன்றரை விநாடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. பழைய வண்டியை அவ்வாறு பாயச் செய்ய ஓட்டுநருக்குக் கிளட்சிலும் கியரிலும் நீண்ட பயிற்சி வேண்டும்; பயிற்சியோடு அச்சமும் சேர்ந்தே வரும். புதிய வண்டியில் ஒரே ஒரு மிதி போதும். நேற்று உரிமம் பெற்ற பிள்ளையும் அதனைச் செய்துவிடலாம்.

இரண்டாவது விலை. 1964 இன் 2,368 டாலர், இன்றைய மதிப்பில் 24,000 அல்லது 25,000 டாலருக்குச் சமம். சார்ஜர் டேட்டோனா 2024 இல் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலர். ஏழை இளைஞனின் வேகம் என்று தொடங்கிய வண்டி, வசதி படைத்தவரின் பொம்மையாகிவிட்டது. பழைய மஸில் காரை வீட்டுக் கொல்லையில் தகப்பனும் மகனும் சேர்ந்து கழற்றிப் பூட்டினார்கள். இன்றைய வண்டியின் மென்பொருளையும் உயர் மின்னழுத்தத்தையும் கொல்லையில் வைத்துத் தொட முடியுமா?

மக்களின் தீர்ப்பும் இதனையே காட்டுகிறது. டேட்டோனாவின் விற்பனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. அதன் குறைந்த விலை வகை 2026 மாடலில் கைவிடப்பட்டு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுடன் அதே சார்ஜர் கொண்டுவரப்பட்டது. மின்சாரக் கார் வாங்குவோருக்கு அளிக்கப்பட்ட 7,500 டாலர் வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30 உடன் முடிவுற்றது. அதே வேளையில் ஃபோர்டின் கதை வேறு விதம். குடும்பத்துக்கேற்ற உயரமான மின்சார வண்டிக்கு 'மஸ்டாங் மாக்-ஈ' என்று அவர்கள் 2019 இல் பெயர் சூட்டியபோது பழைய ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். ஆனால் 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது 51,000க்கு மேல் விற்க, பெட்ரோல் மஸ்டாங் 44,000 என்ற அளவில் நின்றது. வி-8 எஞ்சினுடன் கூடிய மஸ்டாங்கையும் அவர்கள் கைவிடவில்லை.

உழைக்கும் கைகள்

கார் ரசிகர்களின் ஏக்கத்தைப் பற்றி எழுதுவோர் பலர். உழைப்பாளிகளின் கவலையைப் பற்றி எழுதுவோர் சிலரே. பிராம்ப்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள் இருந்தனர். அங்கே வேறொரு வண்டி தயாரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. 2025 அக்டோபரில் அந்த வண்டியும் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்தது. மின்மோட்டாரில் இயங்கும் உறுப்புகள் மிகக் குறைவு. ஆகவே எஞ்சின் செய்யும் கைகளுக்கு வேலை குறையும் என்ற அச்சம் பரவியது. 2023 செப்டம்பரில் டெட்ராய்டின் மூன்று பெரிய நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், பேட்டரித் தொழிற்சாலைகளின் ஊதியமும் பாதுகாப்பும் முக்கியக் கோரிக்கைகளாக இடம்பெற்றன. உறுமல் நின்றதற்காக வருந்துபவர் வேறொரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்வார். வேலை நின்றவர் என்ன செய்வார்?

இனி என்ன நடக்கும்?

எதிர்காலத்தை அறுதியிட்டுரைக்க எவராலும் இயலாது. எனினும் சில போக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

பழைய மஸில் கார்கள் அழிய மாட்டா. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பதைப் போன்று அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கிறது. 'புல்லிட்' என்ற திரைப்படத்தில் ஓடிய 1968 மஸ்டாங், 2020 ஜனவரியில் ஏலக் கட்டணம் உள்பட 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

கொல்லைப்புறத் தொழிலும் வேறு வடிவில் திரும்பிவருகிறது. விபத்தில் சிதைந்த மின்சாரக் கார்களின் மோட்டார்களைக் கழற்றி, பழைய வண்டிகளில் பொருத்தும் கைவினைஞர்கள் பெருகிவருகின்றனர். ஃபோர்டு நிறுவனமே 2021 இல் 281 குதிரைத்திறனுள்ள மின்மோட்டாரைத் தனியாக 3,900 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. பேட்டரி தனி, அதன் விலையும் தனி. அந்தப் பேட்டரியும் மலிந்துவருகிறது. ஒரு கிலோவாட் மணிக்குரிய பேட்டரி 2010 இல் 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024 இல் அதன் சராசரி விலை 115 டாலர். இந்தப் போக்கு நீடித்தால், சிறிய உடம்பு, பெரிய மோட்டார், எளிய விலை என்ற பழைய சூத்திரம் மீண்டும் உயிர்பெறும். அன்றுதான் மின்சாரத்தில் ஓர் உண்மையான மஸில் கார் பிறந்தது என்று சொல்ல முடியும். அது டெட்ராய்டில்தான் பிறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 2023 இல் 'அயானிக் 5 என்' என்ற மின்சாரக் காரில், இல்லாத கியரை மாற்றுவது போன்ற உணர்வையும் இல்லாத எஞ்சினின் ஓசையையும் அமைத்து, கார் ரசிகர்களிடமே பாராட்டுப் பெற்றுவிட்டது.

அன்பிற்குரிய பெற்றோர்களே! இறுதியாக உங்களிடம் ஒரு சொல். பெட்ரோல் வண்டியில் வேகம் வருவதற்கு முன் ஓசை வந்தது. பிள்ளை வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே உள்ளேயிருக்கும் தாய்க்கு அவன் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். இனி வரும் வண்டிகளில் அந்த எச்சரிக்கை இராது. நாலாபுறமும் மின்சார வண்டிகள் பெருகிவரும் இந்நாளில், அவை எவ்வளவு விரைவாகப் பாயும் என்பதை வாங்கும் முன்னரே கேட்டறியுங்கள். பல வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும் அமைப்பும் இருக்கிறது; அதனை எவ்வாறு இயக்குவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சாவியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் அதனைச் சரிசெய்து வையுங்கள்.